எட்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து

சிறு நகரங்களுக்கு ஏற்ற தூய்மையான பொதுப் போக்குவரத்து என்று தலைப்புக் கொடுத்தால், கேட்க வருகிறவர்கள் வண்டிகளைப் பற்றிய பேச்சை எதிர்பார்ப்பது இயல்பு. மின்சாரப் பேருந்து நல்லதா, பேட்டரி ஆட்டோ போதுமா, வாடகை மிதிவண்டி நம் வெயிலுக்குச் சரிப்படுமா என்றுதான் இந்த விவாதம் எங்கும் நடக்கிறது. வண்டியைப் பற்றி நானும் பேசுவேன், ஆனால் கடைசியில். ஒரு நகரப் பேருந்து போன பிறகு அடுத்தது எத்தனை நிமிடம் கழித்து வருகிறது என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி. அந்த இடைவெளி சுருங்கி, நம்பத்தக்கதாக இருந்தால் மக்கள் ஏறுவார்கள். மக்கள் ஏறினால் புகை குறையும், செலவும் தாங்கும் அளவுக்கு வரும். இடைவெளி நீண்டும் நிச்சயமில்லாமலும் இருந்தால், எவ்வளவு உயர்ந்த வண்டியை வாங்கி விட்டாலும் அது பாதி காலியாக ஓடி, சில ஆண்டுகளில் பணிமனையின் மூலையில் நின்றுவிடும். ஆகவே ஒரு சிறு நகரம் தன் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் இடைவெளிதான். இதைத்தான் இன்று வாதிடப் போகிறேன். பொதுப்படையாகப் பேசாமல் தஞ்சாவூரை எடுத்துக்கொள்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 2,22,943. 2014-இல் மாநகராட்சி ஆனது. திண்டுக்கல், நாகர்கோவில் போன்ற ஊர்களும் ஏறத்தாழ இதே அளவுதான். இந்த அளவு ஒரு குறை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். போக்குவரத்தைத் திட்டமிடுகிறவருக்கு இது பெரும் வசதி. பெரிய கோயில், ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கீழவாசல் கடைவீதி, கரந்தை, நாஞ்சிக்கோட்டைச் சாலைக் குடியிருப்புகள் என்று ஊரார் அன்றாடம் போகும் இடங்களை எண்ணிவிடலாம். பெரும்பாலான பயணங்கள் மூன்று முதல் ஆறு கிலோமீட்டருக்குள் முடிகின்றன. சித்திரை வெயிலில் நடக்க முடியாத தூரம், ஆட்டோவுக்குத் தினமும் கொடுத்துக் கட்டுப்படியாகாத தூரம். சென்னையைப் போல நூற்றுக்கணக்கான தடங்களைப் பின்னிப் பார்க்கும் வேலை இங்கே இல்லை. மூன்று முதன்மைத் தடங்களைச் சரியாக வகுத்தால், நகரத்தின் பெரும்பகுதி ஏதோ ஒரு தடத்துக்கு நடை தூரத்தில் வந்துவிடும். மெட்ரோ ரயிலோ மேம்பாலப் பாதையோ பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. சாலையில் ஓடும் பேருந்து போதும்.

பேருந்து இல்லாத ஊரா இது என்றால், இல்லை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் டவுன் பஸ் ஓட்டுகிறது. தனியார் பேருந்துகள் ஓடுகின்றன. 1997-இல் தமிழக அரசு தொடங்கிய மினி பஸ் திட்டம் பேருந்தே காணாத தெருக்களுக்கும் கிராமங்களுக்கும் வண்டியைக் கொண்டுபோனது. அதன் விரிவாக்கப்பட்ட புதிய வடிவம் 2025 ஜூன் மாதம் தொடங்கிவைக்கப்பட்டதும் தஞ்சாவூரில்தான். இவற்றுக்கு நடுவே ஷேர் ஆட்டோக்கள். ஆக, கூட்டாகப் பயணம் செய்வதைத் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், இந்த வண்டிகள் எல்லாம் ஒரே பயணியை நோக்கி, ஒரே நேரத்தில், ஒரே சாலையில் ஓடுகின்றன. தனியார் பேருந்தின் வருமானம் அன்றைய கலெக்‌ஷன். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் பேட்டாவும் அதோடு கட்டுண்டது. முன்னால் போகிறவனுக்குத்தான் பயணி. அதனால்தான் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் டைமிங் சண்டை ஓயாமல் நடக்கிறது. கூட்டம் சேரும் வரை உருட்டி உருட்டி நகர்வதும், பின்னால் வண்டி தெரிந்ததும் பாய்ந்து ஓடுவதும் அந்தச் சண்டையின் இரண்டு முகங்கள். பயணிக்குக் கிடைப்பது, ஐந்து நிமிடத்தில் மூன்று வண்டி, பிறகு இருபத்தைந்து நிமிடம் வெறும் சாலை. இரவு எட்டரைக்கு மேல் கலெக்‌ஷன் குறையும், வண்டியும் குறையும். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து இறங்கும் செவிலியரின் நேரமும், கடையடைத்துவிட்டுப் போகும் பெண்களின் நேரமும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

காத்திருப்பதன் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறு நகரத்தில் அது பெருநகரத்தைவிடக் கடுமையானது. சென்னையில் இருபது கிலோமீட்டர் போகிறவர் ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார். நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் நின்றது அந்தப் பயணத்தில் ஒரு சிறு பங்கு. தஞ்சாவூரில் ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்குப் பேருந்தில் ஆகும் நேரமே இருபது நிமிடம்தான். அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால் சராசரியாகப் பதினைந்து நிமிடம் நிற்கிறார். வண்டிகள் கூட்டமாகச் சேர்ந்து வந்து பிறகு காணாமல் போகும் தடத்தில் இந்தச் சராசரி இன்னும் கூடும். பயண நேரத்தில் ஏறக்குறைய பாதி நிற்பதிலேயே போகிறது. பேருந்தின் வேகத்தைக் கூட்டினால் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். இடைவெளியை முப்பதிலிருந்து எட்டாகக் குறைத்தால் பதினோரு நிமிடம் மிச்சம். ஹெர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஒரு சுழற்சியாகக் காட்டினார். பயணிகள் கூடினால் பேருந்துகளைக் கூட்டலாம், பேருந்துகள் கூடினால் ஒவ்வொருவருக்கும் காத்திருப்பு குறையும், காத்திருப்பு குறைந்தால் பயணிகள் இன்னும் கூடுவார்கள். புதிதாக ஏறும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே பயணிப்பவர்களுக்கு நன்மை செய்கிறார். அந்த நன்மை டிக்கெட் விலையில் பிடிபடாது. பொதுப் பணத்திலிருந்து பேருந்துக்குக் கொடுப்பது தானம் அல்ல என்பதற்குப் பொருளியல் தரும் வலுவான காரணம் இதுதான். இதே சுழற்சி தலைகீழாகவும் ஓடும். ட்ரிப் குறைத்தால் பயணி குறைவார், பயணி குறைந்தார் என்று மறுபடியும் ட்ரிப் குறைப்பார்கள். நம் ஊர்களில் பல தடங்கள் இப்படித்தான் செத்தன.

குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் வீட்டுக்கு வீடு சம்ப் கட்டி மோட்டார் வைப்பார்கள். வண்டி விஷயத்திலும் நம் குடும்பங்கள் அதைத்தான் செய்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வாகனங்கள். இதை ஆடம்பரம் என்று குறை சொல்வது அநியாயம். கடன் வாங்கி, தவணை கட்டி, பெட்ரோல் போட்டு, ஒவ்வொரு குடும்பமும் தானே ஒரு போக்குவரத்துக் கழகம் நடத்துகிறது, பொதுப் போக்குவரத்தின் நேரத்தை நம்ப முடியாததால். அதற்கு உயிராலும் விலை கொடுக்கிறோம். 2022-இல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். வீட்டில் ஒரே வண்டி இருந்தால் காலையில் அதை எடுத்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் ஆண். பெண்களும் முதியவர்களும் மாணவர்களும் நிறுத்தத்தில் மிஞ்சுகிறார்கள். அவர்கள் காத்திருப்பார்கள், வேறு வழியில்லை என்று தெரிந்தே நாம் இடைவெளியை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் பணம் தராமல் போகலாம் என்ற ஏற்பாடு, இந்தத் தலைமுறையில் தமிழ்நாட்டுப் பொதுப் போக்குவரத்தில் நடந்த பெரிய மாற்றம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று கணக்கிட்டது. வேலைக்கும் மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்கும் பெண்கள் தயங்காமல் கிளம்பத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான் அதன் எல்லையையும் சொல்கிறேன். இலவசம் அரசுப் பேருந்துக்கு உரியது. அதே தடத்தில் முன்னால் வரும் தனியார் பேருந்தை விட்டுவிட்டு, பின்னால் வரப்போகும் அரசுப் பேருந்துக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். மிச்சமாகும் பணத்துக்கு அவர்கள் நேரத்தால் விலை தருகிறார்கள். தினக்கூலிப் பெண்ணுக்கு நேரமும் பணம்தான். கட்டணத்தை நீக்கியதோடு இடைவெளியையும் குறைத்திருந்தால் அந்தத் திட்டத்தின் பயன் இரட்டித்திருக்கும் என்று நம்புகிறேன். இதற்கு ஆதாரம் கேட்பீர்கள். பிரான்சின் வட கடலோரத்தில் இருக்கிறது.

டன்கிர்க் ஒரு துறைமுக, எஃகு ஆலை நகரம். சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் பேர், அதாவது நம் தஞ்சாவூரின் அளவு. மூன்றில் இரண்டு பங்கு பயணங்கள் காரில் நடந்துகொண்டிருந்த ஊர். டிக்கெட் வருமானம் இயக்கச் செலவில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டியது. 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே எல்லோருக்கும் பேருந்து இலவசம். செய்தித்தாள்கள் இலவசத்தை மட்டுமே எழுதின. அதே நாளில் அவர்கள் தடங்களையும் புதிதாக வகுத்து, ஐந்து முதன்மைத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட்டார்கள் என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. வார நாட்களில் பயணிகள் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடினார்கள், வார இறுதியில் இரு மடங்கானார்கள். எஸ்டோனியாவின் தலைநகரான தாலின் 2013-இல் தன் நகரவாசிகளுக்குக் கட்டணத்தை நீக்கியபோது, முதல் ஆண்டில் பயணிகள் கூடியது மிகச் சொற்பம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டு நகரங்களின் சூழலும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், தாலினில் முன்பே நிறையப் பேர் பேருந்தில் போனார்கள். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டன்கிர்க்கின் வெற்றியை விலைக் குறைப்பு ஒன்றின் பெயரில் எழுதிவிட முடியாது. அடிக்கடி வரும் பேருந்தும் சேர்ந்தபோதுதான் காரோட்டிகள் இறங்கி வந்தார்கள்.

இடைவெளியை எப்படி வாங்குவது? பயணியின் டிக்கெட்டை நம்பி ஓடும் வண்டியிடம் அதை வாங்க முடியாது. வண்டி ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். தடம், நேரம், இடைவெளி, கட்டணம் எல்லாவற்றையும் நகரம் முடிவு செய்யும். அரசுக் கழகமோ தனியாரோ, ஓட்டுகிறவர் குறித்த நேரத்தில் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒப்பந்தத் தொகை பெறுவார். டிக்கெட் பணம் நகரத்தின் கணக்குக்குப் போகும். ட்ரிப் விடுபட்டால் பிடித்தம் உண்டு. வண்டியில் நான்கு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஓட்டுநரின் சம்பளம் ஒன்றே என்றால், அவர் யாரையும் முந்த வேண்டியதில்லை, யாருக்காகவும் உருட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கிலாந்து ஒரு நாடளவில் சோதித்துக் காட்டிவிட்டது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பேருந்துத் தொழில் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் ஓட்டிச் சம்பாதிக்கலாம். லண்டனில் மட்டும் தடங்களை நகர அமைப்பே வகுத்து, ஓட்டுவதற்குத் தனியாரை ஒப்பந்தத்தில் அமர்த்தியது. முப்பது ஆண்டுகளில் லண்டன் பேருந்துப் பயணங்கள் ஏறத்தாழ இரட்டித்தன. மான்செஸ்டர், லிவர்பூல் போன்ற பெருநகர வட்டாரங்களில் பாதிக்கும் கீழே விழுந்தன. மான்செஸ்டர் வட்டாரம் 2023 செப்டம்பரில் ஒப்பந்த முறைக்குத் திரும்பத் தொடங்கி, 2025 ஜனவரியில் முழுமையாக மாறிவிட்டது. நமக்கும் இந்த முறை புதிதல்ல. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகள் கிலோமீட்டர் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. சென்னைக்குப் பொருந்துவது தஞ்சாவூருக்குப் பொருந்தாது என்று சொல்லக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி பணம். இது முதல் ஆட்சேபம், நியாயமான ஆட்சேபமும்கூட. கணக்கை வெளிப்படையாகப் போடுகிறேன், உங்கள் கையில் இருக்கும் தாளிலும் போட்டுப் பாருங்கள். கரந்தையிலிருந்து பழைய பேருந்து நிலையம் வழியாக மருத்துவக் கல்லூரிப் பக்கம் வரை ஒரு முதன்மைத் தடம், நீளம் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 16 கிலோமீட்டர். நிறுத்தங்களையும் நெரிசலையும் சேர்த்து மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு மணி நேரம், இரு முனைகளிலும் ஓய்வு 12 நிமிடம், ஆக 72 நிமிடச் சுற்று. எட்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட ஒன்பது வண்டிகள் போதும், ஸ்பேர் ஒன்று. காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை ஒரு நாளைக்கு 120 சுற்றுகள், 1,920 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 70 ரூபாய் என்று கொண்டால் நாளைக்கு 1,34,400 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம். பாதியை டிக்கெட்டும் மகளிர் பயணத்துக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையும் கொடுத்தால், மீதி 2 கோடியே 45 லட்சம். 2011 மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 110 ரூபாய். இப்படி மூன்று தடங்களுக்கும் சேர்த்துத் தலைக்கு 330 ரூபாய், ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோலின் விலை. என் எண்களில் எதையாவது நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம். கிலோமீட்டர் விலையை 85 ஆக்கி, வருமானத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் மூன்று தடங்களுக்கும் தலைக்கு 540 ரூபாய்க்குள்தான் வரும். இது ஒரு மாநகராட்சியும் மாநில அரசும் சேர்ந்து தாங்க முடியாத தொகை அல்ல. ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் தொகையில் இந்தச் சேவையைப் பல ஆண்டுகள் நடத்தலாம்.

இந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. டன்கிர்க்கில் ஊழியர்களை அமர்த்தும் நிறுவனங்கள் சம்பளப் பட்டியலின் அளவுக்கேற்பப் போக்குவரத்து வரி செலுத்துகின்றன, பிரான்சின் நகரங்களில் அது பழைய ஏற்பாடு. அதை இங்கே நகலெடுக்க முடியாது, நம் தொழில்கள் பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் வராதவை. நமக்கு அருகில் இருப்பது சாலையோரம். நகரத்தின் விலையுயர்ந்த நிலமான கடைவீதி ஓரத்தைக் கார்களுக்கு இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ கொடுத்துவிட்டு, பேருந்துக்குப் பணமில்லை என்கிறோம். கார் நிறுத்தக் கட்டணம், பேருந்து நிலையக் கடை வாடகை, சுற்றுலாப் பேருந்துகளிடம் பெறும் கட்டணம் ஆகியவற்றை இந்த ஒரு செலவுக்கென ஒதுக்கலாம். முழுப்பணமும் அதில் வராது. மீதியை மாநில அரசுதான் தர வேண்டும். தருவது நட்டத்தை ஈடுகட்டவென்று ஆண்டு முடிவில் தராமல், இத்தனை கிலோமீட்டர் சேவைக்கு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தர வேண்டும். நட்டத்துக்குக் கொடுக்கும் பணம் கணக்குப் புத்தகத்தில் கரைந்துவிடும். சேவைக்குக் கொடுத்த பணத்துக்கு, சேவை எங்கே என்று நிறுத்தத்தில் நிற்கிறவர் கேட்க முடியும்.

இருசக்கர வாகனத்தில் பழகியவர் பேருந்துக்கு வரவே மாட்டார் என்பது அடுத்த ஆட்சேபம். வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரை கொண்டுபோகும் வண்டியோடு எந்தப் பேருந்தும் போட்டியிட முடியாதுதான். எல்லோரையும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இரண்டாவது வண்டி வாங்கும் நேரத்தைக் குறிவைக்க வேண்டும். மகள் கல்லூரி சேர்கிறாள், மனைவி வேலைக்குப் போகத் தொடங்குகிறார், தந்தைக்கு வாரந்தோறும் மருத்துவமனை போக வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பம் அப்போது கணக்குப் போடுகிறது. தெருமுனையில் எட்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து, இரவு பத்து வரை நிச்சயம் என்றால் இரண்டாவது வண்டியைத் தள்ளிப்போடுகிறவர் பலர் இருப்பார்கள். வளர்ந்துவரும் ஊரில் நாளைய நெரிசலைத் தடுப்பது இப்படித்தான். எட்டு நிமிடம் என்ற எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி போனால் மனிதர் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். அதற்குக் கீழே என்றால் நேரத்தை மறந்துவிட்டுத் தெருமுனைக்குப் போகலாம். தன் வண்டி வைத்திருப்பவர் அனுபவிக்கும் சுதந்திரத்தில் பெரும்பகுதி அந்த மறதிதான்.

தெரு குறுகியது என்பார்கள். தஞ்சாவூரின் நான்கு ராஜ வீதிகளும் நாயக்கர், மராட்டியர் காலத்துக் கோட்டைக்குள் அமைந்தவை, உண்மையில் குறுகியவை. ஆனால் அங்கே இடத்தை அடைத்திருப்பது பேருந்து அல்ல, இருபுறமும் நிறுத்திய வண்டிகள். ஒன்பது மீட்டர் நீளப் பேருந்து முதன்மைத் தடத்தில் கோட்டையைச் சுற்றி ஓடட்டும். வீதிகளுக்குள் சிறிய மின்வண்டிகள் போகட்டும். 2006-ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையின் இடத்தை வாகனங்களைக் கருதி ஒதுக்காமல் மனிதர்களைக் கருதி ஒதுக்க வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்த முதலில் செய்ய வேண்டியது பேருந்து நிற்கும் இடத்தில் வேறு வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது. இந்தச் சிறு வேலைக்கே போக்குவரத்துக் காவல்துறையின் முழு ஒத்துழைப்பு வேண்டியிருக்கும்.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களின் பிழைப்பு என்னாவது? என்னைப் பொறுத்தவரை எல்லா ஆட்சேபங்களிலும் கனமானது இது. பேருந்து வராத நேரத்தில், பேருந்து போகாத தெருவில் இத்தனை ஆண்டுகளாக ஊரைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்துவது நன்றி கெட்ட செயல். ஆனால் சட்டம் அவர்களை அந்த நிலையில்தான் வைத்திருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில், தனித்தனிக் கட்டணம் வாங்கி ஏற்றி இறக்கும் வண்டி என்றால் ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்திருக்க வேண்டும். சிறிய ஆட்டோ அந்த வரையறைக்குள் வராது. ஒப்பந்த வாடகை வண்டி என்ற உரிமத்தோடு தெருவில் நின்று ஆள் ஏற்றுவது அதற்கு விதிமீறல். அதனால் ஓட்டுநர் தினமும் அபராதப் பயத்தில் ஓட்டுகிறார், பயணிக்கும் எந்த உரிமையும் இல்லை. 2019-இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு கதவைத் திறந்தது. 67-ஆம் பிரிவில் சேர்த்த புதிய உட்பிரிவின்படி, வீடுவரையிலான கடைசித் தூர இணைப்புக்கும் நெரிசல் குறைப்புக்கும் மாநில அரசு தனித் திட்டங்கள் வகுத்து உரிமம் தரலாம். முதன்மைத் தடத்தின் நிறுத்தத்திலிருந்து உட்தெருக்களுக்கு ஓடும் இணைப்பு வண்டிகளுக்கு அந்த உரிமத்தை இன்றிருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கே முதலில் தர வேண்டும். மின் ஆட்டோ வாங்க வட்டி குறைந்த கடன், நிறுத்தத்தில் நிற்க இடம், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஒரே டிக்கெட், அதில் அவர்கள் பங்கு வாரந்தோறும் வங்கிக் கணக்கில் என்று ஏற்பாடு செய்யலாம். முதன்மைத் தடத்தில் பேருந்தோடு மோதி அவர்கள் இழப்பதைவிட, உட்தெருவில் பெறுவது குறையக் கூடாது. அதை உறுதிசெய்யாமல் திட்டத்தைத் தொடங்கினால் அது நியாயமும் ஆகாது, நிலைக்கவும் நிலைக்காது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். டீசல் பேருந்து ஒரு லிட்டரில் நகருக்குள் நான்கரை முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது. நாற்பது பேர் இருந்தால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய இருநூறு பயணி-கிலோமீட்டர். நல்ல மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும், பெரும்பாலும் ஒருவர், சிலசமயம் இருவர். நிரம்பிய பழைய டீசல் பேருந்தே எரிபொருள் கணக்கில் இருசக்கர வாகனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு சிக்கனம். பத்துப் பேரோடு ஓடினால் அந்தச் சிக்கனம் மறைந்துவிடும். தூய்மை என்பது இருக்கைகள் நிரம்புவதில்தான் தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால். மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் செலவழிக்கும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு இன்று சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. டீசல் பேருந்து கிலோமீட்டருக்கு 0.55 முதல் 0.6 கிலோ வெளியிடுகிறது. ஆகவே நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் வரை, கார்பன் கணக்கில் மின்பேருந்தால் உடனடி லாபம் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. தெருவில் நிற்கும் குழந்தையின் மூச்சுக்குள் டீசல் புகை போகாது, சத்தமும் இல்லை. இரண்டாவது, மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகிக்கொண்டிருக்கிறது, டீசல் ஒருபோதும் ஆகாது. காற்றும் சூரிய ஒளியும் பெருகிய தமிழ்நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். நான் போட்ட கணக்கில் ஒரு பேருந்து நாளைக்கு 213 கிலோமீட்டர் ஓடுகிறது. இரவு முழு மின்னேற்றத்தோடு, கூட்டம் குறைந்த நண்பகலில் ஒவ்வொரு வண்டியாக முக்கால் மணி நேரம் நிறுத்தி ஏற்றிக்கொண்டால் போதும். சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரமும் அதுதான். அந்த ஏற்றத்துக்காக இன்னும் ஒன்றிரண்டு ஸ்பேர் வண்டிகள் வேண்டியிருக்கும், அதை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து இருபது வண்டிக்கு ஏலம் விடும் சிறு நகரத்துக்கு நல்ல விலை கிடைக்காது. 2022-இல் டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களுக்கும் சேர்த்து 5,450 பேருந்துகளுக்கு ஒரே ஏலம் நடந்தது. 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 43 ரூபாய் 49 காசு வரை விலை இறங்கியது. மத்திய அரசின் மானியம் சேர்ந்த விலை அது, ஆனாலும் சேர்ந்து வாங்குவதன் வலிமை அதில் தெரிகிறது. தஞ்சாவூர், திண்டுக்கல், நாகர்கோவில், வேலூர், கும்பகோணம் எல்லாம் சேர்ந்து ஒரே ஏலத்தில் போகலாம். ஏலத்தை மாநிலம் நடத்தலாம். தடமும் நேரமும் அந்தந்த நகரத்தின் கையில் இருக்க வேண்டும். இன்று தஞ்சாவூரில் பேருந்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பெர்மிட் தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம். டவுன் பஸ் ஓட்டுவது கும்பகோணத்தில் இருக்கும் கழகம். சாலை, நெடுஞ்சாலைத் துறைக்கும் மாநகராட்சிக்கும் பங்கு. நிழற்குடை மாநகராட்சி. இந்தூர் நகரம் 2005-இல் மாநகராட்சியும் வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து ஒரு போக்குவரத்துக் கம்பெனியைத் தொடங்கி, தடங்களைத் தானே வகுத்துத் தனியாரை ஒப்பந்தத்தில் ஓட்டவைத்தது. ஸ்மார்ட் சிட்டிப் பணிகளுக்கென ஒரு கம்பெனியை நடத்த முடிந்த தஞ்சாவூர் மாநகராட்சிக்கு இது எட்டாத வேலை அல்ல.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஒரு தடம், ஓர் ஆண்டு. இருக்கிற டீசல் பேருந்துகளைக் கொண்டே தொடங்கலாம், மின்பேருந்து வரும்போது மாற்றிக்கொள்ளலாம். அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே நிறத்தில், பெண்களுக்கு இரண்டிலும் இலவசமாக, எட்டு நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் பேருந்து எப்போது, கடைசிப் பேருந்து எப்போது, இடைவெளி எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். தொடங்குவதற்கு முந்தைய மாதம் அந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், சராசரி எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று எண்ணி வைக்க வேண்டும். பிறகு மாதந்தோறும் அதே எண்களையும், விடுபட்ட ட்ரிப்களின் கணக்கையும் மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். பன்னிரண்டு மாதக் கணக்கு கையில் வந்ததும் இரண்டாவது தடத்துக்குப் பணம் ஒதுக்குவதா என்று மன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரும்படி உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள் என்பதே உங்களிடம் என் வேண்டுகோள்.